சர்க்கரை நோயும் உடல் எடையும்: விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடர்வோம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் உறவுகளில் நான்கைந்து வீடுகளை எண்ணிப் பார்த்தால், அதில் ஒரு வீட்டிலாவது சர்க்கரை மாத்திரை இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, இந்நோய் இருக்கிறது.

இனிப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் சொன்னதும் பத்து நாள் கடைப்பிடிக்கிறோம். பிறகு ஒரு வலீமா விருந்து வருகிறது, அல்லது ஊருக்குப் போகிறோம். அத்தோடு நடையும் நின்றுவிடுகிறது, கட்டுப்பாடும் போய்விடுகிறது. ஆகவே, எப்படித் தொடங்குவது என்பதைவிட, எப்படி விடாமல் தொடர்வது என்பதையே இங்கே பார்ப்போம்.

சிறிதாக, ஆனால் தினமும்

முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, கால் வலித்து, மறுநாள் படுத்துக்கொள்வதில் பயனில்லை. பதினைந்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரத்திற்குக் கொண்டுவரலாம். குறைவான அமலானாலும் அதை நிலையாகச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னதை நாம் அறிவோம். உடல்நலப் பழக்கத்திற்கும் அது பொருந்தும்.

நம் பகுதியின் வெயிலுக்கு ஃபஜ்ருக்குப் பிந்திய நேரமே நடைக்கு ஏற்றது. பள்ளிவாசல் பக்கத்தில்தான் என்றால் பைக்கை வீட்டில் விட்டுச் செல்லலாம். பெண்கள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து நடக்கலாம். வெளியே செல்ல வசதியில்லாத நாளில் மொட்டை மாடி போதும். தொழுகையில் உடல் அசைகிறது என்பதற்காக நடையை விட்டுவிடக் கூடாது.

எடை இறங்கவில்லையே என்று விடாதீர்கள்

பலர் பழக்கத்தைக் கைவிடுவது எடை இயந்திரத்தைப் பார்த்துத்தான். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இவர்கள் அறிய வேண்டும். சர்க்கரை நோயின் முந்தைய கட்டத்திலிருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையையும் உணவு மாற்றத்தையும் கடைப்பிடிக்க வைக்கப்பட்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை.

நோய் வந்துவிட்டவர்களுக்கும் நடை உதவுகிறது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. அதிக எடை உள்ளவர் அதில் 5 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோதான். எடையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். இடுப்பளவையும் அளந்து வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நல்லது.

வீட்டுக்கு ஒரே சமையல்

அத்தாவுக்கு மட்டும் தனியாகச் சப்பாத்தி, மற்றவர்களுக்கு நெய்ச்சோறு என்றால் எந்த மனிதராலும் நெடுநாள் தாங்க முடியாது. சமைக்கும் தாய்க்கே சர்க்கரை இருந்தால் நிலைமை இன்னும் கடினம். எல்லோருக்கும் செய்த உணவில் மீந்ததைத்தான் அவர் சாப்பிடுகிறார். எனவே வீடு முழுவதும் ஒரே சமையலுக்கு மாற வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் அல்லது கோழி, மீதிக் கால் பங்கு சோறு என்பது எளிய கணக்கு. குழந்தைகளுக்கும் இது நன்மையே.

நம் மாவட்டத்தில் கம்பும் கேழ்வரகும் எளிதில் கிடைக்கும். ஆனால் அவையும் மாவுச்சத்துதான். கூழ் என்பதால் இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

விருந்தும் ரமலானும்

விருந்துக்குப் போகாமல் இருக்க முடியாது. போகும்போது கடும்பசியோடு போக வேண்டாம். வெங்காயப் பச்சடியும் கறியும் முதலில், பிரியாணிச் சோறு அளவோடு, பிரெட் அல்வா வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். விருந்து வைப்பவர்களும் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாமல் இருப்பது சர்க்கரை உள்ள விருந்தாளிக்குச் செய்யும் உபகாரம்.

நோன்பு நோற்க விரும்புவோர் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது; அதை ஏற்பது பலவீனமல்ல.

மற்ற நாட்களிலும், எடையைக் குறைக்கிறேன் என்று மாத்திரையைப் போட்டுவிட்டு உணவை விடுவது ஆபத்து. இன்சுலின் போடுவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும்.

மருந்தும் பரிசோதனையும்

சர்க்கரை சரியாகிவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர். அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் சோதனையைவிட, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையே உண்மை நிலையைச் சொல்லும். பொதுவாக அது 7 சதவீதத்திற்குக் கீழே இருக்க வேண்டும். முதியோருக்கு மருத்துவர் வேறு அளவு சொல்லக்கூடும்.

செலவை நினைத்து மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். திண்டிவனம் அரசு மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. ஆண்டுக்கு ஒரு முறை கண், சிறுநீரகச் சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

பாதத்தைக் கவனிக்க நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒளு செய்யும்போதெல்லாம் கால் விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். பிறகு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். உணர்ச்சி மங்கிய காலில் முள் குத்தியதும் தெரியாது. கவனிக்காமல் விட்ட சிறு புண்ணே சிலருக்கு விரலை எடுப்பதில் போய் முடிகிறது.

தவறிவிட்டால்

ஒரு விருந்தில் அதிகம் சாப்பிட்டுவிட்டால் அந்த மாதமே வீணாகிவிடாது. "இனி அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்" என்ற எண்ணம்தான் கேடு. மறுவேளை உணவிலேயே பழைய கணக்குக்குத் திரும்புங்கள். ஈடுகட்டுவதற்காகப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். நடையை இரண்டு நாள் விட்டிருந்தால் மூன்றாம் நாள் பத்து நிமிடமாவது நடங்கள். வீட்டுக் காலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு குறி போட்டு வந்தால், மாதக் கடைசியில் விட்ட நாட்களைவிட நடந்த நாட்கள் அதிகம் என்பது தெரியும்.

வீட்டில் இருப்பவர்களும் இதில் துணை நிற்க வேண்டும். "இதைச் சாப்பிடாதே" என்று பத்துப் பேர் முன்னால் சொல்வதைவிட, "வாங்க, ஒரு சுற்று நடந்து வருவோம்" என்று உடன் கிளம்புவது பயன் தரும். உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைக் காப்பதில் குடும்பத்தார் அனைவருக்கும் பங்கு உண்டு.