இறையழைப்பும் அழைக்கப்பட்டோரின் தயக்கமும் (எபிரேய விவிலியம்)

இறையழைப்பு என்பது கடவுள் ஒருவரைத் தேர்ந்து தம் பணியை அவரிடம் ஒப்படைப்பதையும், அழைக்கப்பட்டவர் தம் அச்சத்தையும் தகுதியின்மையையும் எடுத்துரைத்துத் தயங்கிய பின்னர் அப்பணியை ஏற்பதையும் குறிக்கும். எபிரேய விவிலியத்தில் மோசே, கிதியோன், எசாயா, எரேமியா, எசேக்கியேல் ஆகியோரைப் பற்றிய பகுதிகள் இதற்குத் தலையாய சான்றுகளாகும். இப்பகுதிகளில் தயக்கம் கீழ்ப்படியாமையாகக் கருதப்படாமல், அழைப்பின் இன்றியமையாத உறுப்பாகவே இடம்பெறுகிறது.

வகைப்பாடு

ஆஸ்திரேலிய விவிலிய அறிஞர் நார்மன் ஹேபல் 1965இல் வெளியிட்ட ஆய்வில், அழைப்புப் பகுதிகள் இறைவன் எதிர்ப்படல், அறிமுகச் சொல், பணி ஒப்படைப்பு, மறுப்புரை, உறுதிமொழி, அடையாளம் என்னும் ஆறு உறுப்புகளைக் கொண்டவை என நிறுவினார். தலைவனிடமிருந்து பணியை ஏற்றுச் செல்லும் தூதன், தன் ஐயங்களை முன்வைத்து உறுதி பெற்றபின் புறப்படும் பழைய வழக்கத்திலிருந்து இவ்வமைப்பு தோன்றியதென்று விளக்கிய அவர், ஆபிரகாமின் பணியாளர் ஈசாக்குக்குப் பெண் தேடச் சென்ற வரலாற்றை அதற்கு எடுத்துக்காட்டினார். சுவிட்சர்லாந்து அறிஞர் வால்தர் சிம்மர்லி அழைப்புப் பகுதிகளை இரண்டாகப் பகுத்தார். இறைவனோடு நேரில் உரையாடி மறுத்துப் பேசும் மோசே, கிதியோன், எரேமியா ஆகியோரின் அழைப்புகள் முதல் வகையிலும், விண்ணக அரியணைக் காட்சியோடு தொடங்கும் எசாயா, எசேக்கியேல் ஆகியோரின் அழைப்புகள் இரண்டாம் வகையிலும் அடங்கும்.

முதன்மைச் சான்றுகள்

ஓரேபு மலையில் எரிந்தும் தீய்ந்து போகாத முட்புதரின் நடுவிலிருந்து அழைக்கப்பட்ட மோசே, ஐந்து முறை தடை கூறுகிறார். பார்வோனிடம் செல்லத் தாம் யார் என்றும், அனுப்பியவரின் பெயரை மக்கள் கேட்டால் என்ன சொல்வது என்றும், அவர்கள் நம்பமாட்டார்கள் என்றும், தமக்கு நாவன்மை இல்லை என்றும் சொன்னபின், வேறொருவரை அனுப்புமாறு வேண்டுகிறார். இந்த ஐந்தாம் தடைக்குக் கடவுள் சினம் கொண்டபோதிலும் பணியைத் திரும்பப் பெறவில்லை. மோசேக்காகப் பேசும்படி அவருடைய அண்ணன் ஆரோனைத் துணையாகத் தருகிறார். மிதியானியருக்கு அஞ்சித் திராட்சை ஆலையில் மறைவாகக் கோதுமை அடித்துக்கொண்டிருந்த கிதியோன், மனாசே குலத்தில் தம் குடும்பமே மிக எளியது என்று தயங்கி அடையாளம் கேட்கிறார். படை திரட்டிய பின்னரும் ஆட்டுக் கம்பளியை இருமுறை களத்தில் இட்டுச் சோதித்த பிறகே உறுதி கொள்கிறார்.

உசியா அரசர் மறைந்த ஆண்டில் காட்சி கண்ட எசாயா தம் உதடுகள் தூய்மையற்றவை என்று அஞ்ச, சேராபு என்னும் விண்ணகத் தூதர் ஒருவர் பலிபீட நெருப்புப் பொறியால் அவற்றைத் தொட்டுத் தூய்மையாக்குகிறார். யோசியா அரசரின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், அனத்தோத்தைச் சேர்ந்த எரேமியா தாம் சிறுவன் என்றும் பேசத் தெரியாது என்றும் சொல்ல, இறைவன் அவர் வாயைத் தொட்டுத் தம் சொற்களை அதில் வைக்கிறார். பாபிலோனில் நாடுகடத்தப்பட்டோரிடையே அழைப்புப் பெற்ற எசேக்கியேல் வாய்திறந்து மறுக்கவில்லை. எனினும் திகைப்புற்று ஏழு நாள்கள் அசைவின்றி அமர்ந்திருக்கிறார்.

உறுதிமொழியின் இயல்பு

அழைக்கப்பட்டவரிடம் அவர் அறியாத திறமை மறைந்திருப்பதாக எடுத்துக்காட்டி இறைவன் தேற்றுவதில்லை. மோசே, கிதியோன், எரேமியா மூவருக்கும் தாம் உடனிருப்பதாகவே அவர் வாக்களிக்கிறார். ஆதலால் பணியின் ஆற்றல் அழைத்தவரைச் சார்ந்ததே. அழைப்பை ஏற்றவுடன் அச்சம் அகன்றுவிடுவதுமில்லை என்பதற்கு, பல்லாண்டு இறைவாக்கு உரைத்த பின்னரும் தாம் பிறந்த நாளைச் சபித்துப் புலம்பிய எரேமியா சான்றாவார்.

பிற்கால மரபு

திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயத்தில், நபி மூஸா (மோசே) தம் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் சகோதரர் ஹாரூனை (ஆரோன்) துணையாக்கவும் இறைவனை வேண்டுகிறார். நாசியான்சு நகர கிரகோரியார் 361இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் அஞ்சி ஓடி, 362இல் பாஸ்கா விழாவின்போது திரும்பிவந்து, தம் ஓட்டத்துக்கு விளக்கமாக எழுதிய உரை, குருத்துவம் பற்றிய தொடக்ககால நூல்களில் முதன்மையானது. கத்தோலிக்கத் திருச்சபையில், 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிவைத்த இறையழைத்தலுக்கான உலக வேண்டல் நாள் இன்றும் ஆண்டுதோறும் நல்லாயன் ஞாயிறன்று கடைப்பிடிக்கப்படுகிறது.