ஹவில்தார் அப்துல் ஹமீதும் ரசூலன் பீவியும்

நம் சோளிங்கரின் பெயர் போர் வரலாற்றில் இடம்பெறுவது 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் சேனையும் சர் அயர் கூட்டின் கம்பெனிச் சேனையும் இங்கு மோதிக்கொண்டதனால். இம்மலருக்கு நாம் எடுத்துக்கொண்டதோ 1965-ஆம் ஆண்டின் இன்னொரு செப்டம்பர். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய வட ஆற்காட்டு மக்களுக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர் கிராமத்தில் 1933 ஜூலை 1 அன்று பிறந்தவர் அப்துல் ஹமீத். தந்தையார் முஹம்மது உஸ்மான் தையற்காரர். மகனும் அத்தொழிலில் அவருக்குத் துணை நின்றவர். 1954 டிசம்பரில் கிரெனேடியர் படைப்பிரிவில் சேர்ந்தார். 1962-இல் சீனப் போரையும் கண்டு திரும்பினார். ரசூலன் பீவியை மணந்து நான்கு ஆண் மக்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் தந்தையானார்.

1965-இல் விடுப்பில் வீட்டில் இருந்தபோது போர் அழைப்பு வந்தது. படுக்கையைச் சுருட்டிக் கட்டுகையில் வார் அறுந்து சாமான்கள் சிதறினவென்றும், போக வேண்டாமெனத் தாம் மன்றாடியதாகவும் ரசூலன் பீவி பிற்காலத்தில் கூறியுள்ளார். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை. ஆயினும் ஒரு மனைவியின் கலக்கத்தை வெறும் சகுனமென்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் ஆறுதல் கூறிவிட்டுப் புறப்பட்டார்.

பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அசல் உத்தர் என்னுமிடத்தில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் முன்னேறி வந்தன. அமெரிக்கத் தயாரிப்பான அவை அக்காலத்தில் பெரும்பெயர் பெற்றவை. நம் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சிச் சேறாக்கினர். உயர்ந்த கரும்புப் பயிர் மறைவு தந்தது. அப்துல் ஹமீதிடம் இருந்தது ஜீப்பின் மேல் பொருத்திய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற பீரங்கி. அதைச் சுட்டவுடன் பின்புறம் எழும் நெருப்பும் புழுதியும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே சுட வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். ஜீப்புக்கோ கவசம் கிடையாது. இவ்விதம் பல டாங்கிகளை முடக்கியவர், செப்டம்பர் 10 அன்று எதிரிகளின் கண்ணில் பட்டபின்னும் சுடுவதை நிறுத்தாமல், குண்டு தாக்கி உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டு. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு வாரத்திற்குள், செப்டம்பர் 16 அன்று, பரம் வீர் சக்ர விருது அறிவிக்கப்பட்டது. 1966 ஜனவரி 26 குடியரசு தினத்தன்று அதை ரசூலன் பீவியின் கையில் அளித்தவர் குடியரசுத் தலைவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன், நமக்கு அண்டை ஊரான திருத்தணியில் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியில் பயின்றவர். நாடு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியை இழந்து பதினைந்து நாட்களே ஆகியிருந்தன.

மேடைகளில் எல்லோரும் டாங்கிகளை எண்ணுகிறார்கள். கணக்கும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ரசூலன் பீவி தனித்து வாழ்ந்த ஆண்டுகளை எண்ணுவோர் குறைவு. அவை ஐம்பத்துமூன்றுக்கும் மேல். ஐந்து குழந்தைகளின் பொறுப்பு முழுவதும் அவர்மீது விழுந்தது. 2000-இல் கணவரின் உருவம் அஞ்சல் தலையில் வெளிவந்ததை உயிரோடிருந்து கண்டார். 2017 செப்டம்பர் 10 அன்று இராணுவத் தளபதி விபின் ராவத் காஜிப்பூருக்கே வந்து அவருக்கு மரியாதை செய்தார். 2019 ஆகஸ்ட் 2 அன்று அவ்வம்மையார் வஃபாத்தானார்.