செங்கல்லும் பெருக்கலும்

கும்மிடிப்பூண்டி! ஆலைப் புகைபோக்கிகள் அணிவகுத்து நிற்கும் ஊர். இரவென்றும் பகலென்றும் பாராமல் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும் ஊர். அந்த இரைச்சல் எட்டும் தொலைவிலே உள்ள தொடக்கப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பின் ஆசிரியன் நான். என் வகுப்பிலே ஒரு பிள்ளையின் வீட்டு மொழி தமிழ். அடுத்த பிள்ளையின் வீட்டு மொழி தெலுங்கு. மற்றொரு பிள்ளை இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறது, தன் குடும்பத்திலே முதன்முதலாகப் பள்ளிப் படியேறிய பிள்ளை. தை பிறந்ததும், ஒடிசாவிலிருந்து செங்கற்சூளைக்கு வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தியும் வந்து சேர்ந்தாள்.

கரும்பலகையில் எழுதிக் காட்டினேன், அவளுக்கு விளங்கவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னேன், உதடு அசையவில்லை. "சூளைக்குப் போகப் போகிற பிள்ளைக்கு வாய்ப்பாடு எதற்கப்பா?" என்று கேட்டார், அனுபவம் மிக்க பெரியவர் ஒருவர். கேட்டவர் கொடியவரல்லர், களைத்துப் போனவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது மிகப் பழைய கேள்வி. எவ்வாறு கற்பிப்பது என்ற பேச்சு எழுந்த போதெல்லாம், யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்கிறது. அந்த வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைத் தீட்டிப் பழகினான் சிறுவன். பிறகு ஓலை, எழுத்தாணி. ஆசிரியர் சொல்லுவார், சட்டாம்பிள்ளை சொல்லுவான், மற்றவர் திருப்பிச் சொல்லுவர். எண்சுவடியும் மனப்பாடம், நீதி நூலும் மனப்பாடம். தவறினால் பிரம்பு! பிரம்பும் போதாதென்றால் கோதண்டம் — கயிற்றிலே தொங்கவிடும் தண்டனை!

நல்லதே அங்கில்லை என்று நான் கூறவில்லை. விரலால் எழுதி அறிவது நல்ல முறை. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித் தருவதும் நல்ல முறை. ஆனால் அந்தத் திண்ணை யாருடைய திண்ணை? 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பு, 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்ததாகக் கூறுகிறது. மக்களில் 67 பேருக்கு ஒருவர்! வீட்டிலே படித்தோரையும் சேர்த்தால் தொகை கூடும் என்றார் மன்றோ. தமிழ் மாவட்டங்களிலே பார்ப்பனரல்லாத பிள்ளைகள் பெருந்தொகையினராகப் படித்தனர் என்பதையும் அந்தக் கணக்குக் காட்டுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பெண் பிள்ளைகள்? ஏறத்தாழ 4,500 பேர், மாகாணம் முழுவதற்கும்! தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோரின் பிள்ளைகளிலே பெரும்பாலோருக்குத் திண்ணையின் நிழலும் கிட்டவில்லை. சிலர் மட்டுமே நுழையும் இடத்திற்கு ஒரே முறை போதுமானதாக இருந்தது. தங்கியவன் படித்தான், தாங்காதவன் ஓடினான். ஓடியவனைப் பற்றி எவர் கவலைப்பட்டார்?

அந்த மணலுக்கு ஒரு கடற்பயணமும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல், எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவில்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் நுழைக்க விரும்பினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. மாணவன் ஒருவனையே ஆசிரியனாக்கினார் பெல்! அந்த அனுபவத்தை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தெங்கும் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளியொன்று இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

மார்தட்டிக் கொள்ளத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். அந்த முறையை ஆங்கில நாட்டுச் செல்வர் ஏன் விரும்பினர்? ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மேய்த்துவிடலாம், செலவு குறைவு! ஏழையின் பிள்ளைகள் அனைவருக்கும் எழுதவும் கணக்கிடவும் கற்பிக்க வேண்டுமென்பதில்லை என்று பெல்லே எழுதியும் வைத்தார். முறை புதிது, எண்ணம் பழையது. எங்கள் பெரியவர் கேட்ட கேள்வி இலண்டனிலும் ஒலித்தது!

மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பாருங்கள். 1907-இல் உரோம் நகரத்து ஏழைகள் வாழ்ந்த பகுதியிலே குழந்தைகளின் இல்லத்தைத் திறந்தவர் அவர். மணியும் கட்டையும் கையிலே கொடுத்து, தொட்டு அறியட்டும், தானாகக் கற்கட்டும் என்றார். 1939-இல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். விளைவு? ஏழைக் குழந்தைகளிடையே பிறந்த முறை, இங்கே பெரும்பாலும் கட்டணம் கட்டக்கூடியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டியது. மணியும் கட்டையும் அங்கே; மனப்பாடமும் பிரம்பும் இங்கே!

பிறகு வந்தது 1953. இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் வகுத்தார். பள்ளிப் படிப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். எஞ்சிய நேரத்திலே குடும்பத் தொழிலைப் பழகட்டும் பிள்ளை. செய்து கற்றல், வாழ்க்கையோடு இயைந்த கல்வி என்றெல்லாம் அழகிய சொற்களால் போர்த்தினர். போர்வையை விலக்கிப் பார்த்தது திராவிட இயக்கம். வண்ணான் மகன் வெளுக்கவும், குயவன் மகன் வனையவும், வக்கீல் மகன் மட்டும் வக்கீலாகவுமா? குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு எதிர்த்தது, நாடு கொதித்தது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. கையால் செய்து கற்பது தவறன்று. பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து பாடத்தைத் தொடங்குவதும் தவறன்று. எங்கே தொடங்குகிறோம் என்பதோடு எங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். தகப்பன் தொழிலிலே தொடங்கித் தகப்பன் தொழிலிலேயே முடித்தால், அது கல்வியன்று, வேலி.

கதவு அகல அகல, முறையும் மாறியாக வேண்டியிருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-2008-இல் மாநிலமெங்கும் அது பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். பாடங்கள் அட்டைகளாயின, அவரவர் வேகத்திற்கேற்பப் பிள்ளைகள் ஏணிப் படிகளாக ஏறினர். கரும்பலகை, குழந்தையின் கை எட்டும் உயரத்திற்குத் தாழ்ந்தது! அந்தத் தாழ்விலே எத்துணை உயர்வு!

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த நாட்களுக்குப் பின், 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப் பெற்றது. தொடங்கிய இடம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம். அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். ஒரே வகுப்பில் மூவகைப் பாடம். பாட்டு, கதை, பொம்மலாட்டம், கைவினை ஆகிய அனைத்தும் பாடமாயின. குறையே இல்லையா? உண்டு. பதிவு செய்யும் வேலை, கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டனர். அந்த முறையீட்டில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தத் திட்டம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: பின்தங்கிய பிள்ளை குற்றவாளியன்று, அவனுக்கு வேறு வழி காட்டாத வகுப்பே குற்றவாளி.

என் சிறுமியிடம் திரும்புவோம். ஒரு நாள் செங்கற்சில்லுகளைப் பொறுக்கி வந்து வகுப்பின் தரையிலே கொட்டினேன். அவள் குனிந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. சூளையிலே காயவைப்பது போல, வரிசைக்கு ஆறாக நான்கு வரிசை அடுக்கினாள். விரலை விட்டு எண்ணவில்லை. வரிசையைப் பார்த்தாள், தன் மொழியிலே விடை சொன்னாள். அருகிலிருந்த பிள்ளைகள் "இருபத்து நான்கு" என்று தமிழில் சொல்லிக் கொடுத்தனர். அவள் திருப்பிச் சொன்னாள். அன்றுதான் அவள் குரலை வகுப்பு கேட்டது. மறுவாரம் சில்லுகள் இல்லாமலே, பலகையில் ஆறு நான்கு எழுதி விடையும் எழுதினாள்.

செங்கல்லைக் கொண்டு அவளுக்குப் பெருக்கல் கற்பித்தேன். செங்கல் சுமக்கக் கற்பிக்கவில்லை. இந்த இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவுதான் 1953-இலே நம் முன்னோர் நடத்திய போராட்டம்.

சூளையின் பருவம் முடிந்தால் அவள் குடும்பம் ஊர் திரும்பிவிடும். அடுத்த பள்ளியிலே அவளுக்கு வேறொரு ஆசிரியர் வாய்ப்பார். அவரும் மூலையிலே உட்கார வைப்பாரா, முன்னே அழைப்பாரா? அறியேன். ஆகவே, ஆசிரியப் பணிக்கு வரும் இளைஞர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: பள்ளிக் கதவைத் திறக்க ஒரு தலைமுறை போராடிற்று, திறந்த கதவின் உள்ளே, ஒரே முறை என்னும் இரண்டாவது கதவை நாம் மூடி வைக்கலாமா?