மீப்பெரு பொதுக் காரணியை வெளியே எடுத்தல்

ஓர் இயற்கணிதக் கோவையின் எல்லா உறுப்புகளையும் மீதியின்றி வகுக்கும் காரணிகளுள் மிகப் பெரியதைக் கண்டு, அதை அடைப்புக்குறிக்கு வெளியே நிறுத்தி, கோவையைப் பெருக்கல் வடிவில் எழுதும் முறை. காரணிப்படுத்தலில் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுவே. பங்கீட்டுப் பண்பைப் பின்னோக்கிப் பயன்படுத்துவதுதான் இதன் அடிப்படை. அப்பண்பை யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' நூலின் 2ஆம் பகுதியில் செவ்வகப் பரப்புகளைக் கொண்டு நிறுவினார். எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காணும் வழி அதே நூலின் 7ஆம் பகுதியில் உள்ளது.

கெழுக்களின் மீப்பெரு பொது வகுத்தியையும், எல்லா உறுப்புகளிலும் வரும் ஒவ்வொரு மாறியின் மிகக் குறைந்த அடுக்கையும் பெருக்கினால் பொதுக் காரணி கிடைக்கும். 12ப³ம² + 18ப²ம⁴ − 6ப²ம² என்ற கோவையில் அது 6ப²ம². எனவே,

12ப³ம² + 18ப²ம⁴ − 6ப²ம² = 6ப²ம²(2ப + 3ம² − 1)

கடைசி உறுப்பு முழுவதுமே வெளியே வந்துவிட்டதால் உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை என்று எண்ணி, அந்த −1ஐ விட்டுவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. அடைப்புக்குறியைப் பெருக்கி விரித்தாலே அது தெரிந்துவிடும். ஆனால் விரித்துப் பார்ப்பவர் சிலரே. முதல் உறுப்பு குறை எண்ணாக இருந்தால் குறைக்குறியையும் வெளியே எடுப்பது வழக்கம். அப்போது உள்ளிருக்கும் குறிகள் எல்லாம் மாறும்.

பொதுக் காரணி ஈருறுப்புக் கோவையாகவும் இருக்கலாம்: ப(ம + 5) − 3(ம + 5) = (ம + 5)(ப − 3).

சமன்பாடுகளில் இம்முறையின் பயன் பெரிது. 5ப² = 20ப என்பதை இருபுறமும் 5ப ஆல் வகுத்தால் ப = 4 மட்டுமே கிடைக்கும். 5ப(ப − 4) = 0 என எழுதினால் ப = 0 என்ற தீர்வும் தப்பாது.