சாகாத ஊர் மதுரை

டமாஸ்கஸ், காசி போல சனங்கள் விட்டுப் போகாத பழம்பெரும் ஊர்களில் நம்ம மதுரையும் ஒன்று.

பக்கத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்று பேர் கீறியிருக்கிறது. அவ்வூர் கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அழகர்மலைக் கல்வெட்டுகளில் சுமார் 2,000 ஆண்டுக்கு முந்திய மதுரைப் பொன்கொல்லன் பேர் இருக்கிறது; உப்பு வணிகனும் உண்டு. எல்லாரும் நம்மைப் போல உழைப்பாளிங்கதான்!

1311-இல் மாலிக் காபூர் படை சூறையாடியது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிக்க வைத்தார். ஊர் சாகலையே! மதிலும் அகழியும் இருந்த இடம் வீதிகளாச்சு.

ஊரைக் காப்பது மதில் இல்லீங்க, குடியிருக்கும் சனம். தோட்டம் துண்டாடப்பட்டாலும், லயத்தை விட்டு சிகாமட் டவுனுக்கு வந்தாலும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்புங்க. பிள்ளைகள் வரும்வரை பள்ளியும் சாகாது.