டிசம்பரில் பிறந்த ஆட்டம்

திரைவிளையாட்டுகளுக்குப் பரிசளிக்கும் விழாக்களுள் 2014-இல் தொடங்கிய 'தி கேம் அவார்ட்ஸ்' பெரும்பெயர் பெற்றது. பலரும் போற்றிய ஆட்டங்கள் அங்கே தலைமைப் பரிசின்றித் திரும்புவதேன் என ஆராயப் புகுந்தால், முதற்கண் நாம் காண்பது நாட்காட்டியின் குறும்பையே.

நிண்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' 2018 டிசம்பர் 7-ஆம் நாள் வெளிவந்தது. விழாவோ முந்திய நாளே நடந்தேறி, 'காட் ஆஃப் வார்' தலைமைப் பரிசைப் பெற்றுவிட்டது. அம்மாத முடிவுக்குள் ஸ்மாஷ் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றது. விற்று என்ன பயன்? பரிசுக் கணக்கை நவம்பரிலேயே மூடிவிடுகின்றனர்! ஓராண்டு காத்திருந்து, 2019-இல் சிறந்த சண்டை ஆட்டம் என்ற பரிசை அது பெற்றது. தலைமைப் பரிசை அவ்வாண்டில் வெளியான 'செகிரோ' கொண்டு சென்றது. ஓராண்டுக்கு முந்திய வியப்பு ஆறிய சோறாகிவிடுகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

வாக்குமுறையும் ஒரு காரணமே. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பத்திரிகைத் துறை நடுவர்களுடையது, பொதுமக்களுக்குப் பத்தே. ஆகவே, மக்கள் திரண்டு ஆதரித்தாலும் முடிவு மாறுவது அரிது. நீண்ட ஆட்டங்களை முற்றும் ஆடி முடித்த நடுவர் எத்தனை பேரோ!

புனேயில் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி: அந்நகரில் உருவான 'ராஜி' 2020-இல் அறிமுக ஆட்டங்களுக்குரிய பிரிவில் பரிந்துரை பெற்றது. பேய்களைத் தேடும் 'ஃபாஸ்மோஃபோபியா' அதனை முந்திக்கொண்டது.