தமிழ் அச்சிட்ட ஆப்பிரிக்கப் பணம்: மொரீஷியஸ் ரூபாய்

தென்காசி கடைத்தெருவிலோ குற்றாலம் சீசன் கடைகளிலோ நாம் கொடுக்கும் நூறு ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள். 15 மொழிகள் கொண்ட பட்டியலில், சிறிய எழுத்தில், 13வதாகத் தமிழ் இருக்கும். ஆனால் ஆப்பிரிக்க நாடான மொரீஷியஸின் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் தமிழுக்குத்தான். தமிழ் எழுத்துடன் தமிழ் எண்ணும் அதில் உண்டு.

ரூபாய் அங்கே போன வரலாறு

இந்தியப் பெருங்கடலில் உள்ள இந்தத் தீவு 1810 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அந்தக் காலத்திலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் பிரிட்டிஷ் ஆட்சியில், 1834 முதல், கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். 1920க்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அங்கே போய் இறங்கினர்.

அவர்களோடு இந்திய ரூபாயும் தீவில் பெருகியது. அதனால் 1876ல் ரூபாயே அந்நாட்டின் பணம் என்று சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் சென்ட் நாணயங்கள் வெளியாயின. 100 சென்ட் ஒரு ரூபாய். தொடக்கத்தில் ஒரு மொரீஷியஸ் ரூபாய் ஒரு இந்திய ரூபாய்க்குச் சமம். 1934ல் இந்தத் தொடர்பு முடிந்து, பிரிட்டிஷ் பவுண்டுடன் இணைக்கப்பட்டது. அந்த இணைப்பும் 1979 வரையே நீடித்தது. மத்திய வங்கியான மொரீஷியஸ் வங்கி 1967ல் தொடங்கப்பட்டது.

திரும்பப் பெறப்பட்ட தாள்கள்

1998 நவம்பரில் வந்த புதிய தாள்களில் தமிழ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, தேவநாகரி எழுத்து அதற்கு முன் வைக்கப்பட்டது. தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்களே என்று தமிழ் வம்சாவளியினர் கடுமையாக எதிர்த்தனர். வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது. ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்ற பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டது. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன் வரலாற்றைச் சொல்லி, பணத்தில் தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

தாள்களில் உள்ள தலைவர்கள்

25, 50, 100, 200, 500, 1000, 2000 ரூபாய்த் தாள்கள் உள்ளன. 100 ரூபாயில் தமிழ் வம்சாவளித் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் உள்ளது. 200 ரூபாயில் இருப்பவர் சர் அப்துல் ரஸாக் முஹம்மத். கல்கத்தாவில் பிறந்த இவர், மொரீஷியஸ் முஸ்லிம்களின் அரசியல் தலைவராகவும் தலைநகர் போர்ட் லூயிஸின் மேயராகவும் விளங்கியவர்.

பயணம் செல்வோர் கவனத்துக்கு

பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு பணம். நம் ரூபாயை அங்கே கடையில் கொடுத்துப் பொருள் வாங்க முடியாது. அண்மை ஆண்டுகளில் ஒரு மொரீஷியஸ் ரூபாய் ஏறத்தாழ இரண்டு இந்திய ரூபாய் அளவில் இருந்துவருகிறது. மாற்று விகிதம் தினமும் மாறும் என்பதால் அன்றைய விகிதத்தை வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குச் செல்வோர், சம்பளம் எந்த ரூபாயில் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். வெறுமனே "ரூபாய்" என்று மட்டும் எழுதியிருந்தால், கிடைக்கும் தொகை பாதியாகிவிடலாம்.